டாலஸ் சொன்ன மூன்றடி

எங்கள் ஊருக்குக் கடல் உண்டு, அலை கிடையாது. வெளியே பவளத் திட்டு மறித்துக்கொண்டு கிடக்கிறது. வருகிற அலையை எல்லாம் அதுவே தின்றுவிட்டு மிச்சத்தை அனுப்பும். அந்த மிச்சம் தட்டில் ஊற்றிய டீ மாதிரி கரையில் கிடக்கும். ஆற்று வாயில் முதலை. வெயில் காலத்தில் தொட்டால் உயிரெடுக்கும் சொறிமீன். நண்டுக் கூடை போடுவதற்கு மட்டும் கடல் பக்கம் போவோம். மற்றபடி எங்களுக்குக் கரும்பு போதும்.

டாலஸ் வெரல் தெற்கேயிருந்து வந்தவன். சர்க்கரை ஆலையின் பாய்லர் பட்டறையில் என் கீழே பதினேழு வருஷம் வேலை பார்த்தான். வந்த அன்றைக்கே கார் மேல் அலைச்சறுக்குப் பலகை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, "இங்க அலை எந்தப் பக்கம்?" என்று கேட்டான். பட்டறையே சிரித்தது. பிறகு ரொசெட்டா பவானைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். பலகை அவள் வீட்டு டிராக்டர் கொட்டகை உத்தரத்தில் முப்பத்தொரு வருஷம் தொங்கியது. குளவி கூடு கட்டியது. அவன் அதை விற்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

ஆலையில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டிய வருஷம்தான் சனி பிடித்தது. பாகுத் தொட்டி ஒன்று, ஒன்பது மீட்டர் அகலம். சர்க்கரை காய்ச்சுகிற கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்பு ஒன்று. இரண்டையும் இரும்பு விலைக்கு வாங்கி ஆற்றங்கரைத் துண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே ஒரு கால்பந்து மைதானம் அளவுக்குக் குளம் வெட்டினான். தொட்டியை அதன் நடுவில் கவிழ்த்து, வாய் தண்ணீருக்குள் இருக்கும்படி தூண்களில் நிறுத்தினான். பம்பு தொட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் தண்ணீர் உள்ளே ஏறும். ஆள் உயரத்துக்கு மேல் ஏறி நிற்கும்போது வால்வைத் திறந்தால் அத்தனையும் தடாலென்று கீழே விழும். விழுந்த தண்ணீர் அலையாகப் புறப்பட்டு, மேடாக்கிய தரையில் ஏறி மடிந்து உடையும். அதில் சறுக்கத் தெற்கேயிருந்து காசு கொடுத்து ஆள் வரும். இதுதான் விஷயம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கேட்க நன்றாக இருப்பதை நான் நம்புவதில்லை. கரும்பிலிருந்து காய்ந்த சோகையைத் தானே பிரிக்கும் என்று ஒரு இயந்திரத்தை ஆலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். டை கட்டிய ஆட்கள், வண்ணப் படம் போட்ட புத்தகம். ஒரு அரவைப் பருவம் தாங்கவில்லை. அதை வெட்டிப் போட்டவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் எது ஓடும், எது படுக்கும் என்பதைக் காதால் சொல்லிவிடுவேன்.

ஆற்றங்கரைத் துண்டு பவான் குடும்பத்தின் நெஞ்சு மாதிரி. ரொசெட்டாவின் தாத்தா இத்தாலியிலிருந்து வந்து கத்தியால் கரும்பு வெட்டிச் சம்பாதித்த மண். கறுப்பு மண், கையில் பிடித்தால் பிசுபிசுக்கும். அவள் பங்குக்கு அது வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் என்னியோவின் வயல். அந்த மண்ணில் குளம் வெட்டியதை என்னியோ பிணத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

ஜூலை கடைசி ஞாயிறு ரொசெட்டா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போலெந்தா களியும் பன்றித் தொத்திறைச்சியும். மேசையின் ஒரு முனையில் டாலஸ், மறுமுனையில் என்னியோ. அப்போதே தெரிந்துவிட்டது, சோற்றுக்காகக் கூப்பிடவில்லை என்று.

"ஆகஸ்டோட நடவு முடியுது," என்றான் என்னியோ. "என் நடவு மெஷின் சும்மாதான் நிக்குது. குளத்தை மூடு, விதைக் கரணையை ஊனு. அடுத்த வருஷம் வெட்டு. அவ்வளவுதான் பேச்சு."

"மூடறதுக்கா ரெண்டு வருஷம் தோண்டினேன்?" என்றான் டாலஸ்.

"எதுக்குத் தோண்டினேன்னு உனக்கே தெரியாது மாப்ளே. தெக்கத்தியானுக்குப் பொண்ணு குடுத்தா தவளைக்குக் குளம் வெட்டுவான்னு எங்கப்பா அப்பவே சொன்னாரு."

"உங்கப்பா என் கல்யாணத்துல மூணு பாட்டில் குடிச்சிட்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாரு."

"அழுதது எதுக்குன்னு நினைச்ச?"

ரொசெட்டா மேசையைத் தட்டினாள். அவள் கை ஆண்பிள்ளைக் கை மாதிரி அகலம். "நிறுத்துங்க ரெண்டு பேரும். நிலம் என்னுது. நான் முடிவு பண்றேன். அது ஓடுமா ஓடாதான்னு எனக்கு ஒருத்தன் சொல்லணும். என் புருஷன் சொன்னா ஆசையில சொல்லுவான். என் அண்ணன் சொன்னா வயித்தெரிச்சல்ல சொல்லுவான். கிளாரி, நீங்க சொல்லுங்க."

"என்னை ஏன் இழுக்கறே?"

"நீங்க யாரையும் சந்தோஷப்படுத்த மாட்டீங்க. அதான்."

நான் ரொட்டியால் தட்டைத் துடைத்தேன்.

பேச்சு முடிவானது. டாலஸே வாயால் சொன்னான்: மூன்றடி அலை, முப்பது, மூன்று நிமிஷத்துக்கு ஒன்று, இடையில் நிறுத்தாமல். வந்துவிட்டால் குளம் இருக்கும். மேற்கே முளையடித்து வைத்திருக்கும் மூன்று ஏக்கரிலும் இரண்டாவது குளம் வெட்டுவார்கள். வராவிட்டால் மறுநாள் காலை என்னியோ குளத்தை மூட வருவான். மூன்று பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். எழுதிக்கொள்ளவில்லை. இங்கே யாரும் எழுதிக்கொள்வதில்லை.

நான் என் பங்குக்கு ஒரு இரும்புக் குழாயை எடுத்து வெள்ளை அடித்து, டேப் வைத்து அடி அடியாகக் கறுப்புக் கோடு போட்டேன். பக்கத்தில் எண் எழுதினேன், ஒன்றிலிருந்து எட்டு வரை. அலை மடிகிற இடத்துக்கு நேராகக் குளத்தில் ஊன்றினேன். அலையின் அடியிலிருந்து உச்சி வரை எத்தனை கோடு, அவ்வளவுதான் கணக்கு. இரும்புக் குழாய்க்கு மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. ஆலைப் புகை நேராக நின்றது, காற்று இல்லை. கரும்பு ஏற்றிய குட்டி ரயில் பாலத்தைக் கடக்கிற சத்தம் கேட்டது. ரொசெட்டா ஃபிளாஸ்க்கில் டீயும் பூசணி ஸ்கோன் ரொட்டியும் கொண்டுவந்து டிராக்டர் நிழலில் வைத்தாள். வால்வு நெம்புகோல் அவள் கையில். குழாய்க் கம்பைப் பார்ப்பதும் பம்பின் மானி முள்ளைப் பார்ப்பதும் என் வேலை. நான் சொல்வதைக் குறித்துக்கொள்வது என்னியோ. தப்பாகக் குறித்தான் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக அவன் கண்ணாடியைக் கூடத் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

டாலஸ் பலகையை இறக்கியிருந்தான். குளவிக் கூட்டைச் சுரண்டிய இடம் மண் நிறத்தில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயது, வலது முட்டியில் பட்டை. அரைக்கால் சட்டையோடு தண்ணீரில் இறங்கினான்.

"முதலை வந்து படுத்திருக்கும், பாத்துப் போ," என்று கத்தினான் என்னியோ.

"வந்தா அதுக்கும் ஒரு பலகை குடு."

பம்பு முனகத் தொடங்கியது. தொட்டிக்குள் தண்ணீர் ஏறுவது வெளியே தெரியாது. சத்தம் மட்டும் கனத்துக்கொண்டே போகும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நான் கையைக் காட்டினேன். ரொசெட்டா நெம்புகோலை இழுத்தாள்.

தரை அதிர்ந்தது. குளத்தின் நடுவில் தண்ணீர் குழிந்தது, பிறகு முதுகைத் தூக்கியது. அந்த முதுகு வட்டமாகப் புறப்பட்டு எங்களை நோக்கி வந்தது. சத்தமே இல்லை. மேடு தட்டியதும் நிமிர்ந்தது, பச்சையாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி. கம்பைப் பார்த்தேன். ஆறாவது கோடு நனைந்தது. டாலஸ் இரண்டு தரம் கையால் தண்ணீரைத் தள்ளினான், எழுந்தான். முட்டி வளைய மாட்டேன் என்றது தெரிந்தது, ஆனாலும் எழுந்தான். அந்தப் பச்சைச் சுவரின் குறுக்கே கரை வரை போனான்.

என்னியோ பென்சிலைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"ஆறு," என்றேன்.

டாலஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூச்சு வாங்கினான். பல்லெல்லாம் தெரிந்தது. "மூணடி! அசல் மூணடி!"

"கம்பு ஆறுன்னு சொல்லுது," என்றேன்.

"மூணு, பெருசு. சுத்தமான மூணு."

"இவனுக்கு எண்ணத் தெரியாம ஆலையில எப்படி வேலை பாத்தான்?" என்றான் என்னியோ. நானும் அப்படித்தான் நினைத்தேன். சந்தோஷத்தில் உளறுகிறான் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

இரண்டாவது ஆறு. மூன்றாவதும் ஆறு. நான்காவதில் தண்ணீரின் முகம் மாறிவிட்டது. கிழக்குக் கரையில் மோதிய அலை திரும்பி வந்து அடுத்த அலையின் காலை வாரியது. பச்சைச் சுவர் சொரசொரவென்று ஆனது. ஐந்து. நான்கரை. பத்தாவதிலிருந்து நான்கு, நான்கு, நான்கு. இடையில் ஒன்றிரண்டு மட்டும் மூன்றரை. டாலஸ் ஐந்து அலைக்கு ஒன்று வீதம் ஏறினான். பிறகு ஏறுவதை நிறுத்திவிட்டுப் பலகை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பல் தெரியவில்லை. களைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

ரொசெட்டா நிறுத்தவில்லை. உள்ளங்கை தோல் உரிந்து, தலைத் துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். நடுவில் ஸ்கோனை வாயில் வைத்துக்கொண்டு இழுத்தாள். "எத்தனை?" "இருபத்திரண்டு." "அப்புறம் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கையைக் காட்டுங்க கிளாரி!"

முப்பதாவது மூன்றரை.

பம்பை நிறுத்தியதும் காது அடைத்துக்கொண்டது. என்னியோ அட்டையை மேலிருந்து கீழாக இரண்டு தரம் விரலால் தடவிப் படித்தான். கண்ணாடியைக் கழற்றினான். "மூணுக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல," என்றான். அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கசந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சொன்னான். "நான் தோத்துட்டேன். குளம் இருக்கட்டும்."

ரொசெட்டா என் முகத்தைப் பார்த்தாள். "கம்புப்படி சரி," என்றேன். அவள் கையைச் சுற்றிய துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாலஸ் பலகையை இழுத்துக்கொண்டு கரையேறினான். "என்னியோ, நீ தோக்கல. நாளைக்கு வந்து மூடு."

"என்னது?"

"முதல் மூணுதான் தேறிச்சு. மத்ததெல்லாம் ரெண்டடி. கடைசியில அதுவும் இல்ல."

"யோவ், கம்பு நாலுங்குதே!" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கம்பைப் பற்றி யாரும் பேச விடமாட்டேன்.

"உங்க கம்பு தப்பில்ல பெருசு. எங்க ஊர்ல அலையை முன்பக்கம் அளக்கறதில்ல. முதுகுப் பக்கம் அளப்போம். முன்னால ஆறுன்னா எங்களுக்கு மூணு. அதுக்கு மேல சொல்றவனைக் கரையில ஒருத்தனும் மதிக்க மாட்டான். பீத்தல்னு சிரிப்பான். பதினோரு வயசுலேருந்து அப்படித்தான் எண்ணியிருக்கேன். அந்த மேசையில மூணடின்னு சொன்னப்ப என் மனசுல இருந்தது முதல் அலை. அது மாதிரி முப்பது."

"உன் மனசுல இருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ரொசெட்டா.

"தெரியாது. எனக்குத் தெரியுமே."

"முப்பத்தொரு வருஷமா உன்கூட இருக்கேன். வாய மூடிக்கிட்டிருன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒரே ஒரு நாள் மூடிக்கிட்டிருந்தா என்ன? அவனே தோத்துட்டேன்னு சொல்லிட்டான்!"

"இன்னிக்கு மூடிக்கலாம். மேற்கேயும் வெட்டிருவோம். அப்புறம் தெக்கேயிருந்து ஒருத்தன் பலகையைக் கட்டிக்கிட்டு வருவான். நாலாவது அலையில திரும்பிப் போயிருவான். அவன் போறதைப் பாத்து அடுத்தவன் வரமாட்டான். ரெண்டு குளத்தையும் வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது, தவளை வளக்கறதா?"

அவள் கையிலிருந்த துணியை அவன் மார்பில் எறிந்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். என்னியோ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜெயித்தானா தோற்றானா என்று அவனுக்கே புரியவில்லை. ஊற்றி வைத்த டீ ஆறிப்போயிருந்தது. நான் அதைக் குடித்தேன்.

அன்று மத்தியானம் முழுக்க எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஏதோ உறுத்தியது. கடைசியில் அது மானி என்று தெரிந்தது. முப்பது தரமும் முள் அதே சிவப்புக் கோட்டுக்குத்தான் வந்தது, ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லை. வால்வு முப்பது தரமும் ஒரே சத்தம். வெல்டிங் ஒன்றுகூட முனகவில்லை. இயந்திரம் முதல் அடியை எப்படி அடித்ததோ, அதே பலத்தில்தான் முப்பதாவதையும் அடித்திருக்கிறது. அலை சுருங்கியதற்கு அது காரணமில்லை.

ஒரு இயந்திரத்தைப் பற்றி நல்லதாக நினைக்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஞாயிறு காலை போனபோது என்னியோ எனக்கு முன்பே வந்து நின்றான். மண் தள்ளும் டிராக்டர் ஒன்று, நடவு மெஷின் ஒன்று, கரணை ஏற்றிய வண்டி ஒன்று. டாலஸ் மதகுத் திருகின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், தண்ணீரைத் திறந்துவிட. கொடுத்த வாக்கை அவனே நிறைவேற்றப் போகிறான். முட்டி வீங்கியிருந்தது.

ரொசெட்டா அங்கே இல்லை. கிழக்குக் கரையில் ரப்பர் பூட்ஸோடு தண்ணீருக்குள் நின்று கையால் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டாள்.

"கிளாரி, நேத்து சொன்னது கம்போட பேச்சு. உங்க பேச்சு என்ன?"

"உன் புருஷன் சொன்னது சரி. அலை தோத்துச்சு. ஆனா மெஷின் தோக்கல." மானியைப் பற்றிச் சொன்னேன்.

"எனக்கும் அதான் தோணுச்சு. இங்க பாருங்க." கரை செங்குத்தாக வெட்டுப்பட்டிருந்தது. முப்பது அலையும் மோதி மோதி அடியைக் குடைந்து, வேரெல்லாம் வெளியே தொங்கியது. "மழைத் தண்ணி இப்படிக் கரையில முட்டுனா நாங்க என்ன பண்ணுவோம்? கரையைச் சாய்ச்சு விடுவோம். ஏறிப் போய் மண்ணுல படுத்துரும், திரும்பி வராது. ரெண்டு வருஷமா இவன் தொட்டியையே பாத்துக்கிட்டிருந்திருக்கான். கரைய யாரும் பாக்கல. நானும் பாக்கல."

"எவ்வளவு சாய்க்கணும்?"

"இருபது வரிசை போகும்."

கரைக்கு அந்தப் பக்கம் நின்றது அவளுடைய முற்றிய கரும்பு. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, பூ எடுத்து நின்றது. அதை ஆலைக்கு வெட்டும் முறை வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

என்னியோ தொலைவிலிருந்தே கேட்டுவிட்டான். ஓடி வந்தான். "பைத்தியமா பிடிச்சிருக்கு? வாக்குக் குடுத்திருக்கு ரொசெட்டா! அவனே தோத்துட்டேன்னான். மூடறதுன்னு பேச்சு!"

"பேச்சுத்தான். நீ தோத்துட்டேன்னு சொன்னதும் பேச்சுத்தான். ரெண்டு பேரும் தோத்துட்டீங்க, அதனால இப்ப நான் பேசறேன்." அவள் கரையேறி வந்தாள். பூட்ஸிலிருந்து தண்ணீர் கொட்டியது. "உன் கரணையை உன் வயலுக்குத் திருப்பிக் கொண்டு போ. கிழக்க இருபது வரிசையை இன்னிக்கே வெட்டு. அது நல்ல கரும்பு, ஒரு நோயும் இல்ல. அதையே கரணையாக்கி மேற்கே மூணு ஏக்கர்ல நடு."

டாலஸ் எழுந்து வந்திருந்தான். "மேற்கேயா? அது ரெண்டாவது குளத்துக்கு..."

"ரெண்டாவது குளம் கிடையாது. முதல் குளமே இன்னும் கிடையாது. மேற்க கரும்பு. குளம் அரவை முடியற வரைக்கும் நிக்கும். நவம்பர்ல மறுபடி முப்பது. உன் அடியில, உன் முதுகுக் கணக்குல. ஒண்ணு குறைஞ்சாலும் நானே மதகைத் திறப்பேன். என்னியோவுக்கு அந்த வேலைகூட மிச்சம் வைக்க மாட்டேன்."

டாலஸ் மேற்கே முளைகளைப் பார்த்தான். ஒவ்வொன்றும் அவன் அடித்தது. பிறகு நொண்டிக்கொண்டே போய் முதல் முளையைப் பிடுங்கினான். அடுத்ததைப் பிடுங்கினான்.

"நான் ஏன் வெட்டணும்?" என்றான் என்னியோ. ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. மேற்கே கரும்பு என்ற சொல் அவன் காதில் விழுந்திருந்தது.

"நீ நேத்து அட்டையில பொய் எழுதல. அதனால."

அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான், அதற்குள் ஏதோ பதில் இருக்கிற மாதிரி. "நவம்பர்ல நான்தான் குறிப்பேன்," என்றான். "வேற எவன் கையிலயும் பென்சில் குடுக்கக் கூடாது."

"வேற எவன் வருவான்? போ, வண்டியைத் திருப்பு."

பத்து மணிக்கு முதல் வரிசை சாய்ந்தது. பூவோடு கரும்பு விழுகிற சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்காது, பெரிய துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். ரொசெட்டா நின்று பார்த்தாள். இருபதாவது வரிசை போகும் வரை ஒரு இடத்திலேயே நின்றாள். அப்புறம் மண் தள்ளும் டிராக்டரில் அவளே ஏறி உட்கார்ந்து கரையின் மேல் விட்டாள்.

நான் வண்டியிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். எழுபத்தெட்டு வயதில் இது தேவையில்லாத வேலை. கம்பில் எழுதியிருந்த எண்களைச் சுரண்டினேன். டாலஸ் கரையிலிருந்து பார்த்தான்.

"என்ன பண்றீங்க பெருசு?"

"உங்க ஊர்க் கணக்கு முட்டாள்தனம்," என்றேன். "ஒரு சாமானை முன்னாலயிருந்து பாத்தா முன்னாலயிருந்துதான் அளக்கணும்."

"சரிதான்."

"பேசாம இரு."

ஆறு இருந்த இடத்தில் மூன்று எழுதினேன். நான்கு இருந்த இடத்தில் இரண்டு. கோணலில்லாமல் எழுதினேன். ரொசெட்டா தள்ளிய மண் கிழக்கே தண்ணீரில் சரிந்து சிற்றலை எழும்பி என் இடுப்பில் தட்டியது. பெயிண்ட் காய அரைமணி ஆகும். கம்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். இவர்கள் யாரையும் நம்ப முடியாது. ஈரத்தில் தொட்டு அழித்துவிடுவார்கள்.